விளக்கின் குற்றமா, விதியின் குற்றமா?

(விவசாயிகளும், ஆசிரியர்களும், அரசாங்க உத்தியோகத்தர்களும் கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பெரிய அரசியற் பிரச்சினைகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். இரவில் உங்கள் வீட்டு மேசையில் எரியும் விளக்கைப் பற்றியே பேசப் போகின்றோம். இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். உரையின் முடிவில் அவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள் என்பது எமது நம்பிக்கை.

1990ஆம் ஆண்டிலே குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவேயில்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. கள்ளத்தனமாக வந்த எண்ணெயைப் பொன்னைப் போல் அளந்து வாங்கினோம். அக்காலத்தில் எமது அயல் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சோடாப் போத்தலின் வாயிலே தகர மூடியைப் பொருத்தி, அதிலே துளையிட்டுத் திரி விட்ட விளக்கு அது. நெட்டையான போத்தல், அடி ஒடுங்கியது. புத்தகத்தைப் புரட்டிய கை பட்டது. விளக்குச் சாய்ந்தது, மூடி கழன்றது, எண்ணெய் மடியிலே கொட்டியது, திரியின் நெருப்பு எண்ணெயைத் தொடர்ந்தது. அவள் உடுத்திருந்ததோ நைலோன் சட்டை. அது எரிந்தது மட்டுமன்று. உருகி உடலோடு ஒட்டிக்கொண்டது.

பிள்ளை உயிர் பிழைத்தாள். கழுத்தும் வலது கையும் பழைய நிலைக்கு வரவில்லை. அந்த வீட்டுக்குச் சென்றவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "கவனமில்லாத பிள்ளை" என்றார்கள். "தாய் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார்கள். "விதி" என்றார்கள் வயது முதிர்ந்தவர்கள். நாமும் அங்கேதான் இருந்தோம், நாமும் தலையசைத்தோம். அந்த விளக்கு அப்படிச் சாயும் வடிவிலே ஏன் இருந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இந்த நாட்டிலேயே இருந்தார். டாக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவர். எரிகாயங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தோருக்குச் சிகிச்சை செய்த அவர், அவர்களிற் பலரைச் சுட்டது போத்தல் விளக்கே என்பதைக் கண்டார். வெற்று மருந்துப் போத்தல், சாராயப் போத்தல், மின்குமிழின் ஓடு, தகரப் பேணி ஆகிய இவையே ஏழைகளின் விளக்குகள். அக்காலத்தில் இந்நாட்டின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மின்சாரம் இல்லை. கண்ணாடிச் சிமினி வைத்த நல்ல விளக்கை வாங்க அவ்வீட்டாரிற் பலருக்குக் கையிற் காசு இல்லை.

வெந்த தோலை வெட்டி, வேறிடத்துத் தோலை ஒட்டுவது சத்திரசிகிச்சை நிபுணரின் தொழில். அத்தொழிலைச் செவ்வனே செய்துவிட்டு அவர் வீடு சென்றிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவரோ காயத்தை விட்டு விளக்கைப் பார்த்தார். சாயாத விளக்கு, சாய்ந்தாலும் உருளாத விளக்கு, உருண்டாலும் உடையாத விளக்கு, உடையாமற் கிடக்கும்போது எண்ணெய் கொட்டாத விளக்கு ஒன்று வேண்டும். அதுவும் ஏழை வாங்கும் விலையில் வேண்டும் என்று எண்ணினார். கடையில் விற்கும் மாமைற் போத்தலின் குட்டையான, கனத்த உருவத்திலே அதற்கு வழி கண்டார்.

1992ஆம் ஆண்டளவிலே தொடங்கிய அந்த முயற்சியின் பயனே 'சுதீப' என்ற விளக்கு. நல்ல விளக்கு என்பது அப்பெயரின் பொருள். அதன் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். உயரம் குறைவு, பாரம் அதிகம். ஆகவே எளிதிற் சாயாது. இரு பக்கங்கள் தட்டையானவை. ஆகவே சாய்ந்தாலும் உருளாது. கண்ணாடி தடித்தது, ஆகவே விழுந்தாலும் இலகுவில் உடையாது. மூடி திருகி இறுக்கும் உலோக மூடி; ஆகவே எண்ணெய் கொட்டாது. பழைய கண்ணாடியை உருக்கி வார்த்தமையால் விலையும் மிகக் குறைவு. இதிலே விஞ்ஞான விந்தை ஏதும் இல்லை. ஊர்க் கொல்லனுக்கும் குயவனுக்கும் விளங்கக்கூடிய நான்கு உண்மைகளே இருக்கின்றன. இம்முயற்சிக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு றோலெக்ஸ் நிறுவனத்தின் உலகப் பரிசு கிடைத்தது. அவ்விளக்குகள் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டு நாட்டின் ஏழைக் குடிசைகளுக்குச் சென்றன.

எமது மக்களின் அறிவையும் இவ்விடத்திற் சொல்லாமல் விடலாகாது. தடைக் காலத்திலே எமது வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, கம்பியிற் பொருத்திய திரியைப் போத்தலுக்கு உள்ளேயே எரிய விட்டோம். எண்ணெயை மிச்சப்படுத்தவே அவ்வாறு செய்தோம். ஆனால் குட்டைப் போத்தலும், பஞ்சிலே ஊறிய எண்ணெயும் எத்தனை வீடுகளைத் தீயிலிருந்து காத்திருக்கும் என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஜாம் போத்தல் கிடைத்த வீடு தப்பியது. சோடாப் போத்தல் மாத்திரம் கிடைத்த வீடு எரிந்தது. விதி என்று நாம் சொன்னது இந்த இரண்டு போத்தல்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டைத்தான்.

இஃது ஏழை நாட்டின் கதை. பணக்கார நாடுகளிலே இத்தகைய தொல்லை இராது என்று எவரேனும் எண்ணினால், அமெரிக்காவின் கதையைக் கேட்கட்டும்.

1980களிலும் 1990களிலும் அந்நாட்டிலே ஹலோஜன் குமிழ் பொருத்திய நெடிய நிலை விளக்கு ஒன்று பெரும் விற்பனையாயிற்று. ஆள் உயரக் கம்பம், அதன் உச்சியிலே மேல்நோக்கிய கிண்ணம், கிண்ணத்துக்குள் குமிழ். விலை மலிவு, ஆகவே மாணவர் விடுதிகள் எங்கும் அதுவே. அதன் சூட்டை அறிந்தால் வியப்பீர்கள். 150 வாற்றுச் சாதாரணக் குமிழின் சூடு ஏறத்தாழ 170 பாகை சதமளவு. இந்த விளக்கின் 300 வாற்றுக் குமிழோ 500 பாகையைத் தாண்டும். 500 வாற்றுக் குமிழ் 600 பாகையையும் தாண்டும். காற்றில் ஆடிய திரைச்சீலை அக்கிண்ணத்தின் மேற்பட்டாற் போதும், கம்பம் சாய்ந்து கட்டிலின் மேல் விழுந்தாற் போதும், தீ மூண்டுவிடும். 1997 ஜனவரியிலே புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர் லயனல் ஹம்ப்ரனின் நியூயோர்க் வீடு இத்தகைய விளக்கினால் மூண்ட தீயில் எரிந்து போயிற்று. அதன் பின்னரே நாடு முழுவதும் விழித்துக்கொண்டது.

அந்நாட்டிலே நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு என்று ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1992 முதல் குறைந்தது 100 தீவிபத்துகளுக்கும் 10 மரணங்களுக்கும் இவ்விளக்குகள் காரணமாக இருந்தன என்று அது 1997 ஆகஸ்டில் அறிவித்தது. அப்போது மக்களின் வீடுகளில் இருந்த அவ்விளக்குகள் எத்தனை? நான்கு கோடி! அத்தனைக்கும் கம்பி வலைக் காப்பு ஒன்றை உற்பத்தியாளர் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 500 வாற்றுக் குமிழைக் கழற்றிவிட்டு 300 வாற்றுக்கு மேற்படாத குமிழை இடும்படி மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது.

சபையோரே! இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு.

முதலாவது பாடம் அந்த ஆணைக்குழுவைப் பாராட்டச் செய்வது. விளக்கு விழுந்து வீடு எரிந்தபோது, "விளக்கைத் தட்டியவன் கவனமற்றவன்" என்று அது கோப்பை மூடிவிடவில்லை. மனிதன் கை தவறுவான், குழந்தை ஓடி விளையாடும், பூனை தாவும், காற்று வீசும். இவை யாவும் உலக வழக்கு. இவற்றைத் தாங்காத விளக்கு வீட்டுக்கு ஆகாத விளக்கு என்பதே அங்கு ஏற்கப்பட்ட கொள்கை. விற்றவன் காசை வாங்கியதோடு அவன் கடமை முடிந்துவிடவில்லை. விற்ற பொருள் தீயது என்று தெரிந்தால் அவன் மீண்டும் வாங்கியவனின் வாசலுக்கு வரவேண்டும். இதைத்தான் திரும்ப அழைத்தல் என்கின்றோம்.

இரண்டாவது பாடம் அந்த ஆணைக்குழுவையும் கேள்வி கேட்கச் செய்வது. ஐந்து ஆண்டுகளாகத் தீ மூண்டு, பத்து உயிர்கள் போன பின்னரே நாடளாவிய ஏற்பாடு வந்தது. அதுவும் விளக்கைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அன்று. காப்பு வலை கொடுக்கும் ஏற்பாடு மாத்திரமே. வலை உண்டு என்ற செய்தி காதில் விழாதவன் வீட்டிலே பழைய விளக்கு பழையபடியே நின்றது. கைமாறி விற்கப்பட்ட விளக்கைத் தேடி எவரும் செல்லவில்லை. பத்திரிகையில் ஓர் அறிவித்தல் வெளிவந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது மடமை. அறிவித்தல் வீட்டுக்குள் சென்று, விளக்கு வெளியே வந்தாலன்றோ ஆபத்து நீங்கும்?

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

மின்சாரம் இப்போது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி இனி ஏன் பேச்சு என்று கேட்பீர்கள். 2022ஆம் ஆண்டை அதற்குள் மறந்துவிட்டீர்களா? அவ்வாண்டின் மார்ச்சு மாத முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பரணிலே கிடந்த விளக்குகள் எல்லாம் கீழே இறங்கின. விளக்கு இல்லாதவர்கள் மறுபடியும் போத்தலைத் தேடினார்கள். ஓகஸ்டிலே மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. விலை உயரும்போது கலப்படமும் வரும் என்பதை விவசாயிகளாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். மண்ணெண்ணெயிலே சிறிதளவு பெற்றோல் கலந்துவிட்டாலும் அது விளக்கெண்ணெய் அன்று, வெடிமருந்து. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது ஏறக்குறைய 40 பாகை வரையேனும் சூடாகவேண்டும். பெற்றோலின் ஆவியோ எந்தக் குளிரிலும் பற்றும். பம்பு இயந்திரத்துக்கு வைத்திருக்கும் பெற்றோல் கலனும் விளக்குக்கு எண்ணெய் எடுக்கும் கலனும் ஒரே மூலையில் இருக்கும் வீடுகள் எத்தனை? இன்றிரவே போய்ப் பாருங்கள்.

வயலிலும் இதே நிலைதான். பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்கும் கொட்டில் ஓலையால் ஆனது. வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டிலும் அத்தகையதே. அங்கே எரிவது எந்த விளக்கு? வீட்டிலே பழுதாகி ஒதுக்கப்பட்ட விளக்கு! வீட்டுக்கு ஆகாதது ஓலைக் கொட்டிலுக்கு ஆகுமா?

மண்ணெண்ணெய் விளக்கைக் கைவிட்டவர்களும் முற்றாகத் தப்பவில்லை. இப்போது சந்தையிலே மலிந்து கிடப்பவை மின்னேற்றி எரிக்கும் விளக்குகள். அவற்றுட் பலவற்றில் இருப்பது லிதியம் மின்கலம். நல்ல மின்கலத்திலே மின்னேற்றம் நிறைந்ததும் அதை நிறுத்தும் சிறு காப்புச் சுற்று உண்டு. மலிவுப் பொருளிலே அந்தச் சுற்றைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். மின்கலம் சூடாகும், வீங்கும், முடிவில் தீயைக் கக்கும். இரவு முழுவதும் மின்னேற்றுவதற்காக அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் உறங்குகின்றார்கள். அப்பெட்டியிலே செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, தரமுத்திரை இல்லை. அது நாளை ஒரு வீட்டைச் சுட்டால், யாரை அழைப்பது? எங்கே திருப்பிக் கொடுப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1964இலே இலங்கை நியமங்கள் பணியகம் தோன்றியது. 1984ஆம் ஆண்டு 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. எஸ்.எல்.எஸ். முத்திரை அதனுடையதே. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அமைத்தது. தரங்குறைந்த பொருளை வாங்கியவர், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அச்சபைக்கு முறையிடலாம். முறைப்பாடு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். இது நல்ல சட்டமே. ஆனால் இங்கு கூடியிருக்கும் நம்முள் எத்தனை பேர் அவ்வாறு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றோம்? விளக்கு வாங்கிய ரசீதை எத்தனை பேர் வைத்திருக்கின்றோம்? உரிமை ஏட்டிலே உறங்குகிறது, நாமும் உறங்குகின்றோம்.

எனினும், ஒருவர் முறையிட்டு ஒருவர் பெறும் பரிகாரம் வேறு. விற்ற பொருள் அனைத்தையும் திரும்ப அழைப்பது வேறு. 2021ஆம் ஆண்டின் இறுதியிலே சமையல் வாயுவினால் நாடெங்கும் வெடிப்புகள் நிகழ்ந்தபோது என்ன கண்டோம்? விசாரணைக் குழு அமைக்கப்பட்டது; விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இடைப்பட்ட வாரங்களிலே அடுப்பை மூட்டும் தாய்மார் ஒவ்வொரு நாளும் அஞ்சியே மூட்டினார்கள். வீட்டிலுள்ள சிலிண்டரை என்ன செய்வது என்ற எளிய கேள்விக்கு விரைவான, தெளிவான விடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது இவை. ஆபத்தான பொருள் என்று அறிந்தவுடன் விற்பனையை நிறுத்தி, விற்றவற்றையும் திரும்பப் பெறும் கடமை உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் தெளிவாகச் சுமத்தப்படல் வேண்டும். அச்செலவில் ஒரு சதமேனும் வாங்கியவர் தலையில் விழலாகாது. எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும், எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் விளங்கும் நடையிலே, சங்கக் கடையிலும் பாடசாலையிலும் கிராம உத்தியோகத்தர் கந்தோரிலும் ஒட்டப்படல் வேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கை அன்று. எரிகாயத்தோடு வருவோரை எந்தப் பொருள் சுட்டது என்பதை ஆஸ்பத்திரிகள் பதிந்து, அதனை அதிகார சபைக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு வைத்தியர் தனியாகக் கண்டதை நாடு முறையாகக் காணவேண்டாமா?

அரசாங்கம் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. இந்த வாசிகசாலையே தொடங்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளக்குகளை இங்கே கொண்டு வாருங்கள். நெட்டைப் போத்தல் விளக்குகளை ஒதுக்குவோம். வேறு விளக்கு வாங்க இயலாதவருக்குக் குட்டையான, தடித்த போத்தலும் இறுக்கமான மூடியும் சேர்த்துக் கொடுப்போம். வீங்கிய மின்கலம் உள்ள விளக்குகளைத் தனியே எடுத்து வைப்போம். இது நமது கிராமத்தின் திரும்ப அழைத்தலாக இருக்கட்டும்.

வைத்தியர்கள் சொல்லும் சில வார்த்தைகளையும் தாய்மார் மனதிற் கொள்ளல் வேண்டும். எரியும் விளக்குக்கு எண்ணெய் விடாதீர்கள். மண் பரப்பிய அகன்ற தட்டிலே விளக்கை வையுங்கள். நுளம்பு வலைக்கு அருகில் வேண்டாம். உடையிலே தீப்பற்றினால் ஓடாதீர்கள். நிலத்திலே விழுந்து உருளுங்கள். தீ அணைந்ததும் எரிந்த இடத்திலே குளிர்ந்த ஓடும் நீரை இருபது நிமிடம் விடுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, வெண்ணெய், மை எதுவும் பூசவேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வளையலையும் மோதிரத்தையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

முடிக்கும் முன் ஒரு சொல். நாம் தொடக்கத்திற் சொன்ன பிள்ளையின் தாய் இன்று மூதாட்டி. அண்மையில் அவரைக் கண்டோம். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் சொல்வது ஒன்றே: "நான் அந்த விளக்கைச் சுவரோரமாய் வைத்திருக்கவேண்டும், தம்பி." நாம் அவருக்குச் சொன்னோம்: "அம்மா, குற்றம் உங்களுடையதன்று, பிள்ளையுடையதுமன்று. அந்த விளக்கு எந்த வீட்டிலும் இருந்திருக்கக்கூடாத விளக்கு." அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "இதை அப்போதே ஒருவரும் சொல்லவில்லையே" என்றார்.

சபையோரே, அப்போது சொல்லாதவர்களுள் நாமும் ஒருவர். ஆகவேதான் இப்போது சொல்கின்றோம். இன்னொரு தாய் முப்பது ஆண்டுகள் இப்பழியைச் சுமக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை விளக்கோடு வாருங்கள்.